நடுவில் அடித்த பந்து பங்கருக்குள் போனால் அது அநியாயமா?

கேள்வி கேட்டவர் ஓசூர்க்காரர். கோல்ஃப் ஆடத் தொடங்கி இரண்டு வருடம், ஹேண்டிகேப் 22 என்கிறார், அதாவது மைதானத்தின் கணக்கைவிடச் சுமார் 22 அடி கூடுதலாக எடுக்கிறவர். அவர் ஆடும் மைதானத்தில் ஒரு பார் 4, அதாவது நான்கு அடியில் பந்தைக் குழியில் போட வேண்டிய ஹோல். போன மார்ச்சில் அங்கே ஃபேர்வே என்ற, புல்லைக் கட்டையாக வெட்டிய பாதையின் நட்டநடுவில் டிரைவ், அதாவது முதல் நீள அடி, அடித்தார். பந்து நிற்காமல் உருண்டு போய் பங்கர் என்கிற மணல்குழி ஒன்றுக்குள் விழுந்தது. கூட ஆடிய நண்பர் இடது ஓரமாகக் கோணலாக அடித்த பந்தோ சரிவில் பட்டுத் திரும்பி அருமையான இடத்தில் நின்றது. "நன்றாக அடித்தவனுக்குத் தண்டனை, மோசமாக அடித்தவனுக்குப் பரிசு. மைதானம் வடிவமைக்கிறவர்கள் நியாயமே பார்க்க மாட்டார்களா? அந்தப் பங்கரை மூடச் சொல்லி கமிட்டிக்கு எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பங்கரைப் பற்றிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு ஷாட் நல்ல ஷாட் என்று யார் முடிவு செய்வது? கடினமாக இருப்பதும் அநியாயமாக இருப்பதும் ஒன்றா? இரண்டாவது கேள்விக்கு என்னிடம் ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. முதலாவதில் கருத்துதான் இருக்கிறது.

நான் கிருஷ்ணகிரி பக்கத்துக்காரன். வேளாண்மை படித்தேன். மாந்தோப்பைப் பார்த்துக்கொள்வேன் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள், நான் கோல்ஃப் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டேன். முதலில் பெங்களூரில், அப்புறம் ஓசூர் பக்கம். நம் ஊரில் களை என்று பிடுங்கி எறிகிற அருகம்புல்லின் கலப்பின ரகங்களை மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, குழி இருக்கிற அந்த இடத்துக்குக் கிரீன் என்று பெயர் வைத்துக் காப்பாற்றுவது என் தொழில். நான் வடிவமைப்பாளன் இல்லை. ஆனால் வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, அதன் மேல் தினமும் வருகிற புகார்களைக் கேட்கிற ஆள் நான்தான். நீங்கள் சொல்லும் ஹோலை நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பங்கர் சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த "நட்டநடுவில்" என்பதை எடுத்துக்கொள்கிறேன். நடுவில் அடித்தால் நல்ல ஷாட் என்பது ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. விதிப் புத்தகத்தில் எங்கும் அப்படி இல்லை. இதே சண்டை நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. லண்டனுக்குப் பக்கத்தில் வோக்கிங் என்று ஒரு கிளப். 1900களின் தொடக்கத்தில் அதன் 4வது ஹோலில், நல்ல டிரைவ் வந்து விழுகிற இடத்தில், ஃபேர்வேயின் நடுவிலேயே பங்கர் வெட்டினார்கள். ஸ்டூவர்ட் பேட்டன், ஜான் லோ என்ற இரண்டு உறுப்பினர்களின் வேலை அது. மற்ற உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். நேராக அடிப்பவனைத் தண்டிப்பதா என்று உங்களுடைய அதே கேள்விதான். ஆனால் அந்த ஹோலின் வலது பக்கம் ரயில் பாதை. பங்கருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான இடத்தில் பந்தை வைக்கத் துணிந்தவருக்கு கிரீனுக்கு நல்ல கோணம் கிடைக்கும். பயந்து இடது பக்கம் போனவர் பத்திரமாக இருப்பார், ஆனால் அடுத்த ஷாட் கடினம். நடுவில் போவது யோசிக்காத ஆளின் வழி. கோபத்தோடு அதைப் பார்க்கப் போன டாம் சிம்ப்சன் என்ற இளைஞர் அதில் இருந்த அறிவைக் கண்டு மனம் மாறி, பின்னாளில் தானே பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஆனார்.

ஆக, உங்கள் நண்பர் அடித்தது மோசமான ஷாட் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. அவர் அதை நினைத்து அடிக்கவில்லை, சரி. ஆனால் அந்த இடது சரிவு பந்தை உள்ளே திருப்பி அனுப்புவதற்காகவே அப்படி விடப்பட்டிருக்கலாம். அங்கே ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கி வரும் நாள்பட்ட கேடி யாரையாவது கேட்டுப் பாருங்கள். "சார், இங்க நடுவுல பார்க்காதீங்க, அந்தப் பாறைக்கு நேரா எடுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவர் அப்படிச் சொன்னால் அந்த ஹோல் உங்களை ஏமாற்றவில்லை, தன்னைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. கேடியும் அதே மாதிரி தலையில் கை வைத்தால் விஷயம் வேறு.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெரும்பகுதியை யாரும் வரைந்து கட்டவில்லை. காற்றும் மணலும் ஆடும் முயலும் உண்டாக்கிய நிலத்தை மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டார்கள். முதல் அடி அடிக்கிற இடமான டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாத பங்கர்கள் அங்கே நிறைய. அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ் 1921இல் முதல் முறை அங்கே பிரிட்டனின் பெரிய போட்டியான ஓப்பனில் ஆடியபோது, மூன்றாம் சுற்றில் 11வது ஹோலில் பங்கரில் மாட்டி வெறுத்துப்போய் ஆட்டத்தையே கைவிட்டார். அதே ஆள் 1927இல் அங்கேயே ஓப்பன் வென்றார், 1930இல் அமெச்சூர் பட்டத்தையும் அங்கேயே வென்றார். உலகத்திலேயே தனக்குப் பிடித்த மைதானம் அதுதான் என்று சொல்கிற அளவுக்கு மாறிப் போனார். இடையில் மைதானம் இளகிவிடவில்லை. 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகாஜிமா 17வது ஹோலில் இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். குழியை நோக்கி உருட்டிய, அதாவது பட் செய்த, பந்து சரிவில் வழுக்கி கிரீனை ஒட்டிய ரோட் பங்கருக்குள் இறங்கியது. வெளியே எடுக்கவே பல அடிகள் ஆகி, 9 எழுதிக்கொண்டு போனார். கிரீனில் இருந்து பட் அடித்து பங்கருக்குள் போவதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்க முடியும்? ஆனாலும் அந்தப் பங்கரை யாரும் மூடவில்லை. கோல்ஃப் உலகம் மிக அதிகமாகப் பேசுகிற பங்கர் இன்றைக்கும் அதுதான்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஓக்மான்ட். 1903இல் ஹென்றி ஃபௌன்ஸ் அமைத்தது. மோசமாக அடித்த ஷாட் திரும்ப மீட்க முடியாத இழப்பாக இருக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை. எங்கே தப்பினாலும் அடி. கேட்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் இதுவும் ஒரு வகை நியாயம்தான். குற்றத்துக்குத் தண்டனை, கணக்கு நேர். நீங்கள் கேட்கும் நியாயமும் கிட்டத்தட்ட இந்த வகை என்பதை யோசித்துப் பாருங்கள். "நன்றாக அடித்தவனுக்குப் பரிசு, மோசமாக அடித்தவனுக்குத் தண்டனை" என்பதை ஒரு மைதானம் சிரத்தையாக நடைமுறைப்படுத்தினால், ஹேண்டிகேப் 22 உள்ள ஆள் பாதி ஹோல்களில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். அலிஸ்டர் மெக்கன்சி இந்தக் கொள்கையை வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். அவர் அடிப்படையில் மருத்துவர், போயர் போரில் போயர்கள் செய்த உருமறைப்பைப் பார்த்துவிட்டு மைதான வடிவமைப்புக்கு வந்தவர். பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் அமைத்த அகஸ்டாவில் தொடக்கத்தில் ரஃப் என்கிற உயரப் புல் கிட்டத்தட்ட இல்லை, பங்கர்கள் இருபத்துச் சொச்சம்தான். ஃபேர்வே அகலமோ அகலம். சாதாரண ஆட்டக்காரர் பந்தைத் தொலைக்காமல் சந்தோஷமாக நூறு அடியில் முடித்துவிட்டுப் போகலாம். ஜெயிக்க நினைப்பவர் மட்டும் எந்தப் பக்கத்தில் பந்தை வைக்கிறோம் என்று ஒவ்வொரு அடியிலும் கவலைப்பட வேண்டும்.

நியாயம் வேண்டும் என்ற சத்தம் காலப்போக்கில் ஏன் கூடியது என்பதற்கு நான் ஏற்றுக்கொள்கிற விளக்கம் ஒன்று உண்டு. இது விளக்கம்தான், நிரூபணம் இல்லை. அந்தக் காலத்து கோல்ஃப் பெரும்பாலும் ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடிய மேட்ச் ப்ளே. ஒரு ஹோலில் உங்களுக்கு 9 விழுந்தால் போனது ஒரு ஹோல்தான், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம். அட்டையில் மொத்த அடிகளை எழுதுகிற ஸ்ட்ரோக் ப்ளேயில் அந்த 9 கடைசி வரைக்கும் கூடவே வரும். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்கூட 1957 வரை மேட்ச் ப்ளேயாக இருந்து 1958இல்தான் ஸ்ட்ரோக் ப்ளேயாக மாறியது. எதிராளியின் பந்து உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவில் நின்றால் அதைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும் என்ற ஸ்டைமி விதியும் 1952 வரை உயிரோடு இருந்தது. 1930இல் ஜோன்ஸ் அமெச்சூர் பட்டம் வென்ற வழியில் சிரில் டாலியைத் தோற்கடித்ததே ஒரு ஸ்டைமியால்தான். இன்றைக்கு ஒரு கிளப் போட்டியில் அப்படி நடந்தால் கமிட்டி அறையில் நாற்காலி பறக்கும். பணமும் ஸ்கோர் அட்டையும் பெரிதாகப் பெரிதாக, அதிர்ஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனசு சிறிதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

1982இல் புளோரிடாவின் டி.பி.சி. சாகிராஸில் முதல் முறை ப்ளேயர்ஸ் போட்டி நடந்தபோது தொழில்முறை வீரர்கள் போட்ட கூச்சல் இதற்கு நல்ல உதாரணம். பீட் டை சதுப்பு நிலத்தில் கட்டிய மைதானம் அது. 17வது ஹோலில் கிரீனைச் சுற்றிலும் தண்ணீர். அதைச் செய்யும்படி யோசனை சொன்னது அவர் மனைவி ஆலிஸ் டை. கார் பானெட்டின் மேல் பந்தை நிறுத்துவதில் எனக்கு எப்போதுமே திறமை கிடையாது என்று ஜாக் நிக்லஸ் கிண்டல் செய்தார். அந்த வருடம் வென்ற ஜெர்ரி பேட், பீட் டையையும் போட்டி நடத்திய டீன் பீமனையும் குளத்தில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தார். பிறகு கிரீன்களின் மேடுபள்ளங்களைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் நடுவே இருக்கும் அந்தக் கிரீனைத் தொடவில்லை. இது எனக்குச் சுவாரசியமான விஷயம். வீரர்களை அதிகம் உறுத்தியது தண்ணீர் இல்லை, பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று கணிக்க முடியாத மேடு. தண்ணீரில் விழுந்தால் அது தன் தவறு, கணக்கு தெளிவு. நல்ல ஷாட் கிரீனில் பட்டு வெளியே உருண்டால் அது வடிவமைப்பாளரின் தவறு. தொழில்முறை ஆட்டக்காரரின் அகராதியில் நியாயம் என்றால் முன்கூட்டியே கணிக்க முடிவது.

சாதாரண ஆட்டக்காரரான உங்களுக்கு இந்த நியாயத்தால் லாபம் இல்லை, நஷ்டம்தான். இந்தப் பதிலில் நான் உறுதியாகச் சொல்ல வருவது இதைத்தான். எல்லாம் கண் முன்னால் தெரிகிற, நீளமான, குறுகலான, தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய ஹோலை "கடினம், ஆனால் நியாயம்" என்று தொழில்முறை ஆள் பாராட்டுவார். அந்த ஹோல்தான் உங்களைக் கொல்லும். மேடும் பள்ளமும் அகலமான ஃபேர்வேயும் உள்ள, பந்தை எங்கேயோ கொண்டுபோய் விடுகிற ஹோலை அவர் "கோமாளித்தனம்" என்பார். அங்கே உங்களுக்குப் பந்து தொலையாது. தரையோடு உருட்டி கிரீனுக்குப் போகலாம். என்றைக்காவது ஒரு நாள் அவரையே ஜெயிக்கலாம்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை, அளக்க வழி இருக்கிறது. ஸ்கோர் அட்டையில் கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்கள் இருக்கும். கோர்ஸ் ரேட்டிங் என்பது ஹேண்டிகேப் பூஜ்யமுள்ள ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் நன்றாக ஆடுகிற நாளில் எடுக்கும் ஸ்கோரின் மதிப்பீடு. சுமார் 20 ஹேண்டிகேப் உள்ள போகி ஆட்டக்காரருக்கு அதே மாதிரி போகி ரேட்டிங் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, ஆண்களுக்கு, 5.381ஆல் பெருக்கினால் ஸ்லோப். குறைந்தது 55, அதிகம் 155, சராசரியாக வைத்துக்கொள்வது 113. இப்போது இரண்டு மைதானங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் கோர்ஸ் ரேட்டிங் 71. ஒன்றில் போகி ரேட்டிங் 92, இன்னொன்றில் 99. ஸ்கிராட்ச் ஆளைக் கேட்டால் இரண்டும் ஒரே கடினம் என்பார். ஸ்லோப் முதலாவதில் 113, இரண்டாவதில் 151. உங்களுக்கு இரண்டும் இரண்டு உலகம். இந்த அளவீட்டில் போகி ஆட்டக்காரரின் டிரைவ் 200 கெஜம் என்றும் ஸ்கிராட்ச் ஆளின் டிரைவ் 250 கெஜம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். பெண் போகி ஆட்டக்காரருக்கு 150 கெஜம். டீயிலிருந்து 170 கெஜம் ஓடையைத் தாண்டினால்தான் ஃபேர்வே என்றால், ஸ்கிராட்ச் ஆளுக்கு அப்படி ஒரு ஓடை இருப்பதே கண்ணில் படாது. அந்தப் பெண்ணுக்கு அந்த ஹோலே கிடையாது. அநியாயம் என்ற வார்த்தையை நான் எடுத்துவைப்பது இந்த மாதிரி இடங்களுக்குத்தான். ஆனால் இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த புகார்களில் இது ரொம்பக் குறைவு. யார் அதிகம் பாதிக்கப்படுகிறார்களோ அவர்கள் தங்கள் ஆட்டம்தான் சரியில்லை என்று பேசாமல் போய்விடுகிறார்கள். சத்தம் போடுவது ஹேண்டிகேப் ஐந்துக்குக் கீழே உள்ளவர்கள்.

நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இந்தியன் ஓப்பன் 2017இல் குர்கானில் கேரி ப்ளேயர் வடிவமைத்த டி.எல்.எஃப். மைதானத்துக்குப் போனது. கிரீன்கள் அடுக்கடுக்காக, ஆழமான பங்கர்களோடு இருக்கின்றன என்று வந்திருந்தவர்கள் பலர் முணுமுணுத்தார்கள். பந்தை வெகுதூரம் அடிப்பவர்களுக்கான இடம் என்று பேச்சு. வென்றது யார் என்றால் எஸ்.எஸ்.பி. சௌரசியா. நீளமாக அடிக்கிற ஆள் இல்லை, கிரீனுக்குப் பக்கத்திலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போடும் சிப்பிங்குக்கும் பட்டிங்குக்கும் பெயர் போனவர். பாருக்குப் பத்து அடி குறைவாக முடித்து, அடுத்த ஆளைவிட ஏழு அடி முன்னால் நின்றார். அவருடைய அப்பா ராயல் கல்கத்தா கிளப்பில் கிரீன் பராமரிப்பு வேலை பார்த்தவர். எங்கள் தொழில்காரன் பிள்ளை என்பதால் எனக்குக் கூடுதல் சந்தோஷம், அதை மறைக்கவில்லை. எல்லோரும் குறை சொன்ன மேடுபள்ளம், கிரீனைச் சுற்றிய கைவேலை தெரிந்த ஒருவருக்குச் சாதகமாக இருந்தது. ஒரே போட்டியை வைத்துக் கொள்கை பேசக் கூடாதுதான். ஆனால் "கடினம்" என்பது எல்லோருக்கும் ஒரே பக்கமிருந்து வருவதில்லை என்பதற்கு இது போதும்.

அடுத்து என் சொந்தப் பகுதி. ஆட்டக்காரர்கள் வடிவமைப்பின் மேல் போடும் பழியில் பெரும் பங்கு உண்மையில் எங்கள் மேல், அதாவது பராமரிப்பின் மேல், விழ வேண்டியது. கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று மூன்று அடி நீளப் பள்ளமுள்ள ஒரு கம்பி உண்டு. 1935இல் ஓக்மான்டில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்துவிட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் கண்டுபிடித்தது. அதன் முனையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால் பந்து தானாக விடுபட்டு உருளும். எத்தனை அடி தூரம் போகிறதோ அதுதான் வேகம். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க மைதானங்களில் அளந்தபோது சராசரி சுமார் ஆறரை அடி. இன்றைக்குப் பெரிய போட்டிகளில் 12, 13 சர்வசாதாரணம். ஆறரை அடி வேகத்துக்காக நல்ல சரிவோடு கட்டிய கிரீனை 12க்கு வெட்டினால் பந்து நிற்காது. கிரீன் அதேதான், வரைபடம் அதேதான். நேற்று வரை ரசித்த சரிவு இன்று அநியாயமாகிவிடும். 2004இல் நியூயார்க் பக்கம் ஷின்னகாக் ஹில்ஸில் யு.எஸ். ஓப்பன் கடைசி நாளில் 7வது கிரீன் காய்ந்துபோய், பந்து நிற்காமல் வழுக்கி, கடைசியில் ஆட்டத்துக்கு நடுவிலேயே தண்ணீர் தெளித்தார்கள். பல பத்தாண்டுகளாக ஆடிவந்த ஹோல் அது. வடிவமைப்பாளர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அவரைத் திட்டிப் பயனில்லை.

உங்கள் கேள்வியில் "மார்ச்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதனால்தான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம், காலையில் குளுகுளுவென்று இருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் பிப்ரவரி கடைசியிலிருந்து கோடை மழை வரும் வரை தரை செம்மண் ஓடு மாதிரி இறுகிவிடும். போர்வெல்லில் வருகிற தண்ணீரை முதலில் கிரீனுக்கும் டீக்கும் கொடுப்போம், மிச்சம் இருந்தால்தான் ஃபேர்வேக்கு. அந்த மாதத்தில் 200 கெஜம் பறந்து விழும் பந்து இன்னும் முப்பது நாற்பது கெஜம் உருளுவது சகஜம். அதே டிரைவை அக்டோபர் மழையில் அடித்தால் விழுந்த இடத்திலேயே சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பங்கர் 235 கெஜத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அது நீளமாக அடிப்பவர்களுக்கான பங்கர், உங்களுக்குச் சம்பந்தமில்லை. மார்ச்சில் அதே பங்கர் உங்களுடையது. கிரிக்கெட் பார்க்கிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். சேப்பாக்கம் பிட்சில் ஐந்தாம் நாள் பந்து திரும்புவதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை. கோல்ஃபில் மட்டும் தரை எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

சரி, அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? இதில் உறுதியான பதில் யாரிடமும் இல்லை, விதி எழுதுபவர்களிடமும் இல்லை. ஃபேர்வேயில் முன்னால் போனவர் பெயர்த்த புல்குழியில் உங்கள் பந்து போய் உட்கார்ந்தால் இன்றைக்கும் இலவசமாக எடுத்து வைக்க முடியாது. அது அநியாயம் என்று பெரிய வீரர்களே வாதாடுகிறார்கள். மறுபக்கம், 2019 விதிகளில் பங்கரில் கிடக்கும் சருகையும் கல்லையும் எடுத்துப் போடலாம் என்று ஆக்கினார்கள். பங்கரில் ஆடவே முடியாது என்று நினைத்தால் இரண்டு அடி அபராதத்தோடு வெளியே வந்து ஆடும் வழியும் அப்போது வந்ததுதான். பங்கர் தினமும் வாரி விட்டுச் சமமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பழைய ஆட்டக்காரர்களுக்கு இருந்ததில்லை. ஓக்மான்டில் பல பத்தாண்டுகளுக்கு மணலில் வேண்டுமென்றே ஏர் உழுத சால் மாதிரி கோடு போட்டு வைத்திருந்தார்கள். இப்போது பங்கர் மணல் ஒரு இடத்தில் மெத்தென்று இருந்தால்கூட எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. எது சரி என்று கேட்டால், பங்கர் பங்கராக இருக்கட்டும் என்கிற பக்கம் நான். இது ரசனை. இதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஒரு ஹோல் கடினமா அநியாயமா என்று எனக்குள் முடிவு செய்ய நான் பார்ப்பது, ஆபத்தை முதல் முறையோ இரண்டாம் முறையோ ஆடியபின் தெரிந்துகொள்ள முடிகிறதா, தெரிந்துகொண்டவருக்கு வேறு வழி ஒன்று இருக்கிறதா என்பதை. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கிரீன், எதுவுமே தெரியாமல் அடிக்க வேண்டிய ஹோல்கள் உண்டு. முதல் ஓப்பன் 1860இல் நடந்த இடம் அது. அங்கே தெரியாமை ஒரு முறைதான், அடுத்த முறை எங்கே அடிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்த பிறகும் சுற்றிப் போக வழியே இல்லாத தண்ணீர், எந்தப் பக்கம் அடித்தாலும் வந்து சேருகிற பள்ளம், வயதானவர் இரண்டு அடியில்கூடத் தாண்ட முடியாத பாறை, இவைதான் அநியாயம். நம் பக்கம் பாறைக்குப் பஞ்சமில்லை. பாறையை உடைக்கும் செலவைப் பார்த்துவிட்டு, அதையே ஹோலின் அழகு என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

உங்கள் பங்கருக்கு வருகிறேன். கமிட்டிக்கு எழுதுவதற்கு முன் ஒரு சாயங்காலம் அந்த ஹோலை கிரீனிலிருந்து டீயை நோக்கித் திரும்பி நடந்து பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கிரீன் திறந்து கிடக்கிறது என்பது பின்பக்கமாக நடக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். நடுவிலிருந்து வருவதைவிட இடது பக்கத்திலிருந்து வருவது நல்ல கோணமாக இருந்தால், அந்தப் பங்கர் தன் வேலையைச் செய்கிறது. பங்கருக்கு முன்னால் பந்தை நிறுத்த முடிகிறதா என்பதையும் பாருங்கள். டிரைவர் மட்டைக்குப் பதில் தூரம் குறைவாகப் போகிற 5 வுட்டோ ஹைபிரிடோ எடுத்து, 180 கெஜத்தில் நின்று, அடுத்ததை கிரீனுக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் கைக்கு ஐந்தில் முடிப்பது அந்த ஹோலில் நல்ல ஸ்கோர். மழைக்காலத்தில் ஒரு தரம் ஆடிவிட்டு மறுபடி யோசியுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், எங்கிருந்து அடித்தாலும் தரை பந்தை அந்தக் குழிக்கே இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். ஆனால் "பங்கரை மூடுங்கள்" என்று எழுத வேண்டாம். மூடுவதென்றால் மணலை அள்ள வேண்டும், வடிகாலைத் திருப்ப வேண்டும், புல் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இது செலவு, கமிட்டி ஒத்திப்போடும். "பங்கருக்கு முன்னால் நாலைந்து கெஜத்துக்குப் புல்லைக் கொஞ்சம் உயரமாக விடுங்கள், இடது பக்கம் ஃபேர்வேயை இன்னும் பத்து கெஜம் அகலமாக வெட்டுங்கள்" என்று கேளுங்கள். மார்ச்சில் உருளும் பந்தை அந்த உயரப் புல் பிடித்து நிறுத்தும். நன்றாக அடித்து வேகமாக வரும் பந்துக்கு ஆபத்து அப்படியே இருக்கும். இடது பக்கம் வழி இருப்பது கண்ணுக்கும் தெரியும். டிராக்டர் ஓட்டுகிறவரிடம் கோடு மாற்றச் சொன்னால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை, டீசல் செலவைத் தவிர ஒன்றுமில்லை. பிடிக்காவிட்டால் பழையபடி வெட்டிவிடலாம். மனுவில் உங்களைவிட நீளம் குறைவாக அடிக்கும் இரண்டு பேரையும், மைதானத்தில் ஆடும் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் டீயிலிருந்து ஒன்றும் கிரீனிலிருந்து திரும்பிப் பார்த்து ஒன்றுமாக இரண்டு படங்களை இங்கே போடுங்கள். பங்கர் டீயிலிருந்து எத்தனை கெஜம் என்பதையும் அளந்து எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.